மொட்டைமாடியில் வெந்த சோறு

கண்ணாடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. பாத்திரத்தைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன். வெந்துவிட்டது!

தீ இல்லை, மின்சாரம் இல்லை. மூன்று மணி நேர வெயில் மட்டும்.

இதுதான் நான் செய்த சூரிய அடுப்பு: ஓர் அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு சிறிய பெட்டி. இடைவெளியில் கசக்கிய செய்தித்தாள். உள்சுவர்களில் பார்சல் சாப்பாட்டோடு வந்த அலுமினியத் தாள். மேலே, பழைய ஜன்னலில் கழற்றிய கண்ணாடி. எல்லாம் குப்பைக்குப் போகவிருந்தவை.

நேற்று பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தேன். மாலைவரை அரிசி ஊறியதுதான் மிச்சம். விழுந்த வெயிலை அது திருப்பி அனுப்பிவிட்டது.

இன்று காலை அம்மா பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கிக் கொடுத்தார். விறகடுப்புக் காலத்துப் பாத்திரம், அடியும் பக்கமும் கரி. கறுப்பு, வெயிலை விழுங்கிச் சூடாக்கியது. அந்தச் சூட்டைக் கண்ணாடி வெளியே விடவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெனீவா விஞ்ஞானி சொசூர் இப்படியொரு கண்ணாடிப் பெட்டியில்தான் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பத்தைப் பிடித்தார். ஆரோவில்லில் கண்ணாடி பதித்த 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்று, சூரிய வெப்பத்தால் நீராவி எழுப்பிச் சமைப்பதற்காகவே கட்டப்பட்டது. ஆனால் எனக்கு இன்று பெரிதாகத் தெரிவது அந்தக் கரிதான்.

அது அம்மா ஊதி ஊதி இருமிய புகையின் படிவு. எத்தனை ஆண்டுகள் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்திருப்பார்! இன்று அதே கரி, புகையே இல்லாமல் அவருக்குச் சோறு வடித்துக் கொடுத்திருக்கிறது.

“பருப்பு வேகுமா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் துவரம்பருப்பை ஊறப்போட்டுவிட்டார்.