கல்லட்டிக்குப் போகலாமா வேண்டாமா: ஒரு முன்தயாரிப்பு நாட்குறிப்பு

செப்டம்பர் 7

டிசம்பரில் டூர் ஆஃப் நீல்கிரிஸ். 2008-லிருந்து நடக்கும் பல நாள் சைக்கிள் பயணம். அதில் பேர்போனது கல்லட்டி ஏற்றம்: மசினகுடிப் பக்கத்திலிருந்து தலைகுந்தா வழியாக ஊட்டி, 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு டஜன் கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத உயரம். பெயர் கொடுத்த அன்று இருந்த வேகம் மறுநாள் காலை இல்லை. வருடக்கணக்கில் மலைப்பக்கம் போகாத கால் இது. வேண்டாமோ என்று தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் அந்த 'வேண்டாமோ'வுக்குக் காரணம் நெஞ்சா, முழங்காலா, வண்டியா என்று பிரித்துப் பார்க்காமல் பெயரை வாபஸ் வாங்குவது அவசரம்.

செப்டம்பர் 8

முதலில் வண்டி. சும்மா நின்ற சைக்கிள், ஓடிய சைக்கிளைவிட மோசமாகக் கெட்டிருக்கும்.

பின்சக்கரத்தைக் கழற்றி ஃப்ரீஹப்பை (நடுவில் பல்சக்கரங்கள் உட்காரும் உருளை) கையால் பின்னோக்கிச் சுற்றினால் 'டிக் டிக்' சத்தம் கணீரென்று வர வேண்டும். சத்தம் மந்தமாகவோ விட்டுவிட்டோ வந்தால் உள்ளே கிரீஸ் இறுகி, கொக்கிகள் எழும்பாமல் ஒட்டிக்கிடக்கின்றன என்று அர்த்தம். இதோடு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பெடல் பிடிப்பில்லாமல் சுற்றிவிடும். தாடை ஹேண்டில்பாரில்தான். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, மெல்லிய கிரீஸோ கெட்டி எண்ணெயோ கொஞ்சமாகப் போட வேண்டும். பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை அள்ளி அப்பினால் பழைய நோய்தான் திரும்பும்.

டயர்: காற்றில்லாமல் நின்ற இடத்தில் பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை வெடிப்புகள். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று பார்க்கக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பிரேக் ஷூ கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாவிட்டால் மாற்று.

ஷூவை மறந்துவிடுவார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த ஷூவின் பாலியூரித்தேன் அடிப்பாகம் பார்க்கப் புதிதாக இருக்கும். மாட்டி 10 கிலோமீட்டர் போனதும் பிஸ்கட் மாதிரி உதிரும். வீட்டிலேயே வளைத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

செப்டம்பர் 15

கியர் கணக்கு. பயத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஆள் 74 கிலோ, வண்டி 10, தண்ணீர், கருவிகள், உடுப்பு 3. மொத்தம் 87. 9 சதவீதச் சரிவில் மணிக்கு 7 கி.மீ. போக ஏறக்குறைய 165 வாட் வேண்டும். அதே 165 வாட்டில் 12 சதவீதத் துண்டு வந்தால் வேகம் 5.4-க்கு இறங்கும். 5-க்குக் கீழே போனால் ஏறுவதைவிட விழாமல் இருப்பதே பெரும்பாடு.

28 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்கு 2.136 மீட்டர் ஓடும். மணிக்கு 7 கி.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 117 மீட்டர். முன்னால் 39, பின்னால் 25 பல் இருந்த பழைய ரேஸ் கியரில் இது நிமிடத்துக்கு 35 மிதி. 34-க்கு 28 போட்டால் 45. 34-க்கு 34 போட்டால் 55. முன்னால் 30, பின்னால் 34 என்றால் 62.

35 மிதியில் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் சிப்பி மேல் விழும் அழுத்தம் 55 மிதியில் விழுவதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். இருபத்தைந்து வயதில் அது தெரியாது. நெஞ்சும் நுரையீரலும் ஆறேழு வாரப் பயிற்சியில் ஓரளவு திரும்பிவிடும், தசைநாண் அப்படித் திரும்பாது. 'பழைய வண்டி, பழைய கியர், அப்போது ஏறினோமே' என்பவர்கள்தான் பாதி வளைவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

செப்டம்பர் 22

9 வேக வண்டிக்கு (பின்னால் 9 பல்சக்கரம்) மலிவான வழி: 11-34 காசெட் (11 முதல் 34 பல் வரையான பின்சக்கரப் பல்லடுக்கு), 9 வேக மலைச் சைக்கிளின் நீளக்கை பின் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கை, மெக்கானிக்குகள் ஆர்டி என்பார்கள்), புதுச் செயின். கியர் மாற்றும் ரோடு ஷிஃப்டர் பழையதே போதும். ஷிமானோவில் 9 வேக ரோடும் 9 வேக மலையும் ஒரே அளவுதான் வயரை இழுக்கும். 10 வேக மலை ஆர்டியை வாங்கிவந்து மாட்டினால் ஒரு கியர்கூட ஒழுங்காக உட்காராது. இழுவை அளவு வேறு.

பழைய ஆர்டியிலேயே 34 பல்லைத் திணிக்கலாமா? பெரும்பாலான பழைய ரோடு ஆர்டி 28, 30 பல்லோடு சரி. அதற்கு மேல் போனால் மேல் உருளை காசெட்டில் உரசும். ஆர்டியைக் காசெட்டிலிருந்து தள்ளிவைக்கும் பி-ஸ்க்ரூவை முழுக்கத் திருகினால் சத்தம் குறையும், கியர் மாறும் கூர்மையும் சேர்ந்தே குறையும்.

செயின் நீளம்: முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல்லில் ஆர்டியைத் தொடாமல் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து 2 கண்ணி கூட்டி வெட்டு. பழைய செயின் நீளத்தையே வைத்து வெட்டினால், தவறிப்போய்ப் பெரிது-பெரிது விழுந்த அன்று ஹேங்கர் (ஆர்டியை வண்டியோடு பிடிக்கும் துண்டு) முறியும். அந்த மாடலுக்கான உபரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். ஊட்டிக் கடைத்தெருவில் அது கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

அக்டோபர் 6

மழை. படிக்கட்டு ஏறியதோடு சரி.

அக்டோபர் 19

சோதனை ஓட்டத்துக்கு மேட்டுப்பாளையம்–கோத்தகிரி நல்ல அளவுகோல். சுமார் 33 கி.மீ., 330 மீட்டரிலிருந்து 1,800 மீட்டரை ஒட்டி. சராசரி 4.5 சதவீதம்தான், கல்லட்டியில் பாதி. செங்குத்தைக் கற்றுத்தராது, ஆனால் நெடுநேரம் ஒரே அழுத்தத்தில் மிதிக்க வருகிறதா என்பதைச் சொல்லிவிடும்.

கணக்கு எளிது. மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறினால் மொத்தம் 2 மணி 25 நிமிடம். அப்படி ஏறுகிறவருக்குக் கல்லட்டியில் 7 கி.மீ. வேகம் தாராளம். 450-க்குக் கீழே என்றால் இந்த வருடம் வேண்டாம் என்பது மரியாதையான முடிவு.

இன்றைய நேரம்: 2 மணி 40 நிமிடம், அதில் நின்றது 6. மணிக்கு சுமார் 565 மீட்டர். உயரத்தில் காற்று மெலிவதற்கும் முந்தைய நாள்களின் களைப்புக்கும் அரை கிலோமீட்டர் கழித்தால் கல்லட்டியில் 6.5 கி.மீ. 12 கிலோமீட்டருக்கு 1 மணி 50 நிமிடம். 34-34-இல் 51 மிதி. அழகில்லை, ஆனால் நடக்கும்.

அக்டோபர் 20

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. எப்போதும் இல்லை, பெரும்பாலும். ஒரே தடவையில் 3 மி.மீ.க்கு மேல் நகர்த்தாமல், இரண்டு மூன்று ஓட்டம் பார்த்துவிட்டு அடுத்த திருத்தம். சீட்போஸ்டில் பழைய உயரத்துக்குப் போட்ட மார்க்கரை நம்ப வேண்டாம். இடுப்பின் வளைவு அன்றைக்கு இருந்ததில்லை.

நவம்பர் 3

வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவில் மண் சரியும் காலம், அங்கே பயிற்சி இல்லை. மருதமலை மாதிரிக் குட்டை ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறினாலும் செங்குத்துக்குக் கால் பழகும்.

வளைவில் ஏறுவது பற்றி: உள்வளையம்தான் மிகச் செங்குத்து. நாம் இடதுபக்கம் போவதால் இடப்பக்க வளைவில் தானாகவே அந்தச் சுவரில் போய் முட்டுவோம். வண்டி வராதது நிச்சயமானால் வளைவுக்கு முன்பே கொஞ்சம் நடுவுக்கு ஒதுங்கி, அகலமாகச் சுற்றலாம். நிச்சயமில்லை என்றால் உள்ளேயே, எழுந்து நின்று, ஒரு பல் இறக்கி. கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் முறிவது அங்கேதான். பின்னால் பஸ் ஹாரன் கேட்டால் ஓரமாக நின்றுவிடு. கொண்டை ஊசியில் அதற்குச் சாலை முழுக்க வேண்டும்.

நவம்பர் 16

சாப்பாடு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் தரும், மீதிக்குக் கடலை மிட்டாயை நம்ப வேண்டாம், கொழுப்பு அதிகம், ஏற்றத்தில் வயிற்றில் கிடக்கும். நாட்டுச்சர்க்கரைத் தண்ணீர் இறங்கும். 1 லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. உப்பு கூடினால் குமட்டும். பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும், நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

மசினகுடியில் வேர்த்துக் கொட்டும், தலைகுந்தாவில் டிசம்பரில் உறைபனி விழும். மேலே நின்ற 5 நிமிடத்தில் ஈர பனியன் நெஞ்சில் ஒட்டி நடுக்கம் வரும். காற்றுத்தடுப்பு ஜாக்கெட் 100 கிராம்தான். இல்லாவிட்டால் பழைய வழி: ஜெர்சிக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாள். இருட்டில் கிளம்பக் கூடாது. அது யானை நடமாடும் காடு, விடிந்து சாலை தெரிந்த பிறகுதான்.

நவம்பர் 24

பெயர் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு. மிச்சமிருந்த தயக்கம் ஒன்றே ஒன்று: நடுவில் இறங்கித் தள்ள வேண்டி வந்தால்?

12 சதவீதத்தில் மிதித்தால் 5.4 கி.மீ., தள்ளினால் 3.5 முதல் 4. ஒரு வளைவைத் தள்ளிக் கடந்தால் போவது ஒன்றிரண்டு நிமிடம். ஆனால் ரோடு பெடலின் பெரிய பிளாஸ்டிக் க்ளீட்டோடு (ஷூவைப் பெடலில் மாட்டும் அடித்தகடு) நடந்தால் அது தேயும், வழுக்கும், மறுபடி பெடலில் மாட்டாது. செங்குத்தில் ஏறி உட்கார்ந்து கிளம்புவதே கஷ்டம், சாலையின் குறுக்காக வண்டியைத் திருப்பித்தான் கிளம்ப முடியும். அந்த நேரத்தில் க்ளீட்டும் மாட்டாவிட்டால் முடிந்தது கதை.

அதனால் மலைச் சைக்கிள் பெடல், அடியில் க்ளீட் பதுங்கியிருக்கும் ஷூ. க்ளீட் போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி, 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு.