அப்பாவின் வள்ளமும் என் கடெற் சீருடையும்

கப்பலில் டெக் கடெற்றாக, அதாவது கப்பல் செலுத்தும் அதிகாரியாகப் பயில்பவராகச் சேர விரும்பும் வன்னித் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, எவ்வளவு காசு முடியும் என்பதைத்தான். காசைப் பிறகு பார்ப்போம், முதலில் கண்ணைச் சோதியுங்கள் என்பேன். நிறப்புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டையை வாசிக்க முடியாதவர் டெக் பக்கம் போக இயலாது. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிவதில்தான் அந்த வேலையே இருக்கிறது. என்னோடு நேர்முகத்துக்கு வந்த ஒருவர் முற்பணம் கட்டிய பிறகுதான் தனக்கு நிறக்குருடு என்று அறிந்தார். அவருடைய முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

எனக்குக் கண்ணில் குறையில்லை, கடதாசியில்தான் சிக்கல். 2009 இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. சான்றிதழ்கள் வைத்திருந்த பை வழியிலேயே போய்விட்டது. பிறகு எடுத்த பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒருவிதம், ஓ.எல். சான்றிதழில் வேறுவிதம். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், கடலோடிகளுக்கான சி.டி.சி. புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். விதானையார் வீடு, பிரதேச செயலகம், கொழும்பு என்று நான்கு மாதம் அலைந்தேன். ஓ.எல். எழுதும் வயதிலேயே இதைத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் ஒரு முகவர் நேராகக் கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொல்லி அம்மாவின் காப்பு அடகு வைத்த காசை வாங்கினார். கப்பலும் வரவில்லை, காசும் வரவில்லை. வேலை எடுத்துத் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு, விசா தவிர்ந்த பயணப் பத்திரங்கள் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் நம்முடையது. பயிற்சிக் கட்டணம் வேறு கணக்கு. இந்தச் சட்டம் எங்களில் ஒருவருக்கும் அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் காப்பு இன்று அம்மாவின் கையில் இருந்திருக்கும்.

கொழும்புக்குப் புறப்படும் முன் அம்மா என்னை வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனா. கடல்நீரில் விளக்கெரியும் அம்மன் கடலுக்குப் போகிற பிள்ளையைக் கைவிடமாட்டா என்பது அவவின் நம்பிக்கை.

பயிற்சிக் கல்லூரியில் விடியும் முன்பே எழும்பி ஓட வேண்டும். வெள்ளைச் சீருடையில் மடிப்புக் கலைந்தால் தண்டனை. பாடமெல்லாம் ஆங்கிலம், விடுதியில் பேச்செல்லாம் சிங்களம். முதல் மாதம் நான் வாயே திறக்கவில்லை. பிறகு சப்பாத்துத் துடைக்கும் நேரத்தில் பக்கத்துக் கட்டில் மாத்தறைப் பெடியன் சிங்களம் சொல்லித் தந்தான், நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

உயிர்காப்புப் பயிற்சி தொடங்கியபோது, கடற்கரைப் பிள்ளைக்கு நீச்சல் யார் படிப்பிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் உயிர்காப்பு அங்கியோடு உயரத்திலிருந்து குதிப்பது வேறு வித்தை. ஒரு கை மூக்கைப் பொத்த, மறு கை அங்கியைக் கீழே இழுத்துப் பிடிக்க, கால்களைச் சேர்த்துக் குதிக்க வேண்டும். பிடியை விட்டால் அங்கி மேலே கிளம்பித் தாடையில் அடிக்கும். கவிழ்ந்து கிடக்கும் காற்றடைத்த மிதவைப் படகை நிமிர்த்துவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. வாயு உருளை இருக்கும் பக்கம் காற்று வீசிப்போகும் திசையில் வரும்படி படகைத் திருப்பி, உருளைமேல் ஏறி நின்று, அடிப்புறத்துப் பட்டியைப் பிடித்தபடி உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். படகு நிமிர்ந்து நம் மேலேயே விழும். அந்த இருட்டில் பதறாமல் மல்லாந்தபடி நீந்தி வெளியே வர வேண்டும். முதல் தடவை எனக்கு மூச்சு முட்டியது, பதுங்குகுழி ஞாபகம் வந்தது. பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தானும் தண்ணீரில் இறங்கி, என் பக்கத்திலேயே நின்றார்.

மீன்பிடிக்கும் அப்பா சொல்லித் தந்தவையும் கைகொடுத்தன. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான் என்று காற்றை வைத்தே திசை சொல்லப் பழகியிருந்ததால் கொம்பாஸ் எனக்கு அந்நியமாக இல்லை. அவர் பாகக் கணக்கில் சொல்லும் ஆழத்தை நான் மீற்றருக்கு மாற்றிப் பழகினேன். ஒரு பாகம் ஆறடி.

சிங்கப்பூரில் பல்க் கரியர் ஒன்றில், அதாவது மூட்டை கட்டாத சரக்கை ஏற்றும் கப்பலில் ஏறினேன். அதிகாரிச் சான்றிதழ் எடுக்க, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தால், பயிற்சிப் பதிவேட்டோடு குறைந்தது 12 மாதக் கடற்சேவை வேண்டும். அதில்லாமல் வருபவருக்கு 36 மாதம். துருச் சுரண்டுவதும் பெயின்ற் அடிப்பதும் போக, அதிகாலை நான்கு மணிக் காவலுக்குத் தலைமை அதிகாரியோடு, கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் நிற்பேன். ஓர் இரவு இலங்கையின் தென்முனையான தெவிநுவரவுக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். ரேடாரில் ஒன்றுமில்லை. தொலைநோக்கியில் மட்டும் ஒரு மங்கல் வெளிச்சம், டோர்ச் அடித்ததுபோல. பைபர் வள்ளம் ரேடாரில் சரியாக விழாது. நான் கத்த, அதிகாரி கப்பலைத் திருப்பினார். எத்தனை கப்பல் அப்பாவை இப்படிக் காணாமலே கடந்து போயிருக்கும் என்று நினைத்துக் கை நடுங்கியது. கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் வைத்திரு என்கிற, கப்பல் மோதலைத் தடுக்கும் சர்வதேச விதிகளின் 5 ஆம் விதியை மனப்பாடமாக எழுதிப் பாஸானவன்தான் நான். அது ஏன் விதியானது என்பது அன்றுதான் உறைத்தது.

அதிகாரிச் சான்றிதழுக்கான வாய்மொழிச் சோதனை முடிந்து ஊருக்கு வந்தபோது இரண்டு விளக்கும் ஒரு பற்றறியும் வாங்கி வந்தேன். வலை போட்டிருக்கும் வள்ளத்துக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் சுற்றிவரத் தெரிய வேண்டும் என்று அப்பாவுக்கு அதே விதிகளின் 26 ஆம் விதியை விளங்கப்படுத்தினேன்.

“உவ்வளவு உயரத்திலயோ கட்டோணும்?”

“ஓம் அப்பா. மேல நிக்கிறவனுக்குத் தெரியோணும்.”

வள்ளத்தின் முன்பக்கத்தில், அணியத்தில் தடி நட்டு இருவருமாகக் கட்டினோம். பொழுதுபட அவர் வள்ளத்தை இறக்கினார். சிவப்பும் வெள்ளையும் கண்ணுக்கு மறையும்வரை நான் கரையில் நின்றேன்.