குளவியும் குழவியும்

மாணவர்களுக்கான அகராதி ஒன்றில் துணையாசிரியராக இருந்தபோது 'கு' வரிசை என் பொறுப்பு. அதில் என் மேசையை விட்டு நகர மறுத்தது குளவிதான்.

பொருள் எழுதுவது சுலபம்: ஒடுங்கிய இடையும் கொடுக்கும் உள்ள, பறக்கும் பூச்சி. பெயர்க் காரணம்தான் இழுத்தடித்தது. குழந்தையைக் குறிக்கும் 'குழவி'தான் 'குளவி' ஆயிற்று என்று வரைவில் இருந்தது. எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கி வந்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடுமாம். பிள்ளை வளர்க்கும் பூச்சி என்பதால் அந்தப் பெயராம். குருவும் சீடனும் பற்றிய சொற்பொழிவுகளில் இந்தக் கதையை நாம் கேட்டிருப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மண்கூட்டுக்குள் நடப்பது வேறு. தாய்க்குளவி ஈரமண்ணை உருண்டை பிடித்து வாயில் கவ்வி வந்து அறை கட்டும். புழுவையோ சிலந்தியையோ கொட்டி அசைவற்றுப் போகச் செய்து உள்ளே வைக்கும். கொல்லாது, செத்தால் இரை கெட்டுவிடுமே. கூடவே முட்டையிட்டு, வாசலை மண்ணால் பூசிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, குளவியாகி, மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்ததைப் பார்த்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். வளர்ப்புப் பிள்ளை என்று நாம் உருகிய புழு, உண்மையில் சாப்பாடு.

எழுத்தும் ஒத்துவரவில்லை. தொல்காப்பிய மரபியல் சொல்லும் இளமைப் பெயர்களில் ஒன்று குழவி. யானையின் குட்டிக்கும் அது உண்டு. அம்மியில் அரைக்கும் கல்லும் குழவிதான். ளகரக் குளவி இந்த வீட்டுப் பிள்ளை அல்ல. பேச்சில் பலருக்கு ளவும் ழவும் ஒன்றாகிவிட்டதால், 'குழவி கொட்டியது' என்று அச்சிலேயே வந்துவிடுகிறது. அம்மிக்கல் பறந்து வந்து கொட்டினால் என்ன ஆவது!

குளத்து மண்ணை எடுப்பதால் குளவி என்று இன்னொரு விளக்கமும் வந்தது. மரநாரை மென்று காகிதம் போலக் கூடு கட்டும் குளவிகளை அதில் எங்கே சேர்ப்பது? அதையும் அடித்தேன்.

குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் 'கரந்தை குளவி கடிகமழ் கலிமா' என்று வருகிறது. அங்கே குளவி காட்டுமல்லிகை. பூவை நாடி வரும் பூச்சி பூவின் பெயரைப் பெற்றது என்று இரண்டையும் முடிச்சுப்போட ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனாலும் தனித்தனித் தலைச்சொற்களாகவே வைத்தேன்.

குளவிக்கு இன்னொரு பெயர் கடந்தை. மலையாளத்தில் கடன்னல், கன்னடத்தில் கணஜ என்று அதற்கு உறவு தெரிகிறது. அதனால் கடந்தைக்கு இனச்சொல் எழுத முடிந்தது. குளவிக்கு அந்தக் கட்டம் காலியாகவே அச்சுக்குப் போனது.

எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'குளவி கடித்தது' என்றிருந்ததை 'கொட்டியது' என்று மாற்றினேன். கடிப்பது வாய், குளவியின் கொடுக்கு பின்பக்கம், முட்டையிடும் உறுப்பு திரிந்து வந்தது. அதனால் பெண்குளவி மட்டுமே கொட்டும். இதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன். பக்கம் நீள்கிறது என்று அதை மட்டும் வெட்டிவிட்டார்கள்.