மீட்டருக்கு என்ன கலர்?

கார் அலங்காரச் சாமான் வாங்க சென்னையில் பெரும்பாலானவர்கள் போகிற இடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே கலர் மாறும் லைட் வேண்டும் என்று கேட்டால் உடனே ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். நாலு துண்டு எல்.இ.டி. ஸ்டிரிப், ஒரு குட்டி ரிமோட், சிகரெட் லைட்டரில் செருகுகிற பிளக். "பாட்டுக்கு ஏத்த மாதிரி ஆடும்ணே" என்று கடைப் பையன் போட்டே காட்டினான். கால் வைக்கிற இடத்தில் வெளிச்சம் வேண்டும் என்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும். எனக்கு வேண்டியது வேறு. அப்பா ஓட்டிய 2004 மாருதி 800 இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் டேஷ்போர்டில் வேகம் காட்டும் மீட்டருக்குள்ளேயே நிறம் மாற வேண்டும். அதற்கு ரெடிமேடாக ஒன்றும் இல்லை. அண்ணா சாலையைத் தாண்டி எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன்.

பழைய மீட்டரில் இருப்பவை சின்னச் சின்ன இழை பல்புகள். என் வண்டியில் அவற்றின் மேல் பச்சைத் தொப்பி போட்டிருந்தார்கள். அது இருக்கிறவரை உள்ளே வெள்ளை எல்.இ.டி. போட்டாலும் வெளியே பச்சைதான் வரும். சிவப்பு போட்டால் கிட்டத்தட்ட இருட்டு, ஏனென்றால் பச்சை வடிகட்டி சிவப்பை வெளியே விடாது. தொப்பியைக் கழற்றுவது சுலபம். சில கார்களில் டயலின் முதுகிலேயே நிற மை அச்சடித்திருப்பார்கள். அதைச் சுரண்ட முள்ளைப் பிடுங்க வேண்டும், திரும்பப் பொருத்தும்போது முள் துளி நகர்ந்து உட்கார்ந்தாலும் வேகம் தப்பாகக் காட்டும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

நான் வாங்கியது டபிள்யூ.எஸ். 2812பி என்கிற ஸ்டிரிப். சாதாரண கலர் ஸ்டிரிப்பில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். இதில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுக்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை தலா 256 படி. பெருக்கினால் 1 கோடியே 67 லட்சம் நிறங்களுக்கு மேல். இவற்றில் எத்தனையைக் கண் பிரித்தறியும் என்பது வேறு விஷயம். ஆட்டுவிக்க ஒரு ஆர்டுயினோ நானோ, அதாவது நிரல் எழுதி இயக்குகிற ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுப் பலகை.

மின்சாரம்தான் இதில் உண்மையான வேலை. ஸ்டிரிப்புக்கு 5 வோல்ட் போதும், ஆனால் இன்ஜின் ஓடும்போது கார் தருவது 14 வோல்ட்டுக்குப் பக்கம். வோல்ட்டை 5-க்கு இறக்குகிற 7805 ரெகுலேட்டர் போட்டால் மிச்ச 9 வோல்ட்டும் சூடாகத்தான் போகும். அரை ஆம்பியர் இழுத்தாலே நாலரை வாட் சூடு, அதுவும் காற்று வராத டேஷ்போர்டுக்குள். அதனால் பக் கன்வர்ட்டர், அதாவது அதிகம் சூடாகாமல் வோல்ட்டை இறக்குகிற சர்க்யூட். வெள்ளையை முழுசாக எரித்தால் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை கேட்கும், முப்பது விளக்குக்கு 1.8 ஆம்பியர். கறுப்பாக அணைந்திருக்கும்போதுகூட ஒவ்வொன்றும் சுமார் 1 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். எனவே பேட்டரியிலிருந்து நேராக ஒயர் எடுக்கவே கூடாது. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஃப்யூஸில் இருந்து, தனியாக ஒரு சின்ன ஃப்யூஸ் வைத்து எடுக்க வேண்டும். பார்க்கிங் லைட் ஒயர் நானோவுக்கு லைட் போட்டாயிற்று என்ற சிக்னல் மட்டும் கொடுக்கும், இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டைக் குறைத்து.

மீட்டரைக் கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் எடுத்துவிடுங்கள். மாருதி 800-இல் ஸ்பீடோமீட்டர் கேபிள் பின்னால் பூட்டியிருக்கும், முன்பக்கமாக இழுத்தால் வராது. கையை உள்ளே விட்டு பூட்டை அழுத்தித்தான் விடுவிக்க வேண்டும். ஸ்டிரிப்போடு வருகிற பசை டேப்பை நம்பாதீர்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி, ஸ்டிரிப் முள்ளின் மேலேயே விழும்.

சார்ஜ் விளக்கு, அதாவது பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு, அதன் பல்பை மட்டும் எல்.இ.டி.க்கு மாற்ற வேண்டாம். பல பழைய கார்களில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் உயிர் பெறுவதற்கான தொடக்க மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்.இ.டி. விடுகிற துளி மின்சாரம் அதற்குப் பற்றாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம்.

சரி, நிறத்துக்கு வருவோம். முதலில் எல்லோரும் கேட்பது நீலம். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவானது, அதற்காக மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. 1990கள் முடிவதற்குள் ஃபோக்ஸ்வேகன் தன் மீட்டர்களை நீலமாக்கியது, பார்த்தவர்கள் மயங்கினார்கள். 2005 மாடல் மஸ்டாங்கில் ஃபோர்டு 125 நிறங்களில் மீட்டரை மாற்றிக்கொள்ள வசதி கொடுத்தது. ஆக இது கடைவீதிப் பையன்களின் கிறுக்கு மட்டுமல்ல, கம்பெனிக்காரர்களுக்கும் இருந்த கிறுக்கு.

ஆனால் இரவில் திண்டிவனம் தாண்டி இருட்டில் போகும்போது நீலத்தின் வேஷம் கலைந்துவிடும். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகிறது. நீல வெளிச்சம் அந்தப் பழக்கத்தைச் சட்டென்று கெடுக்கும், எண்களின் ஓரமும் மங்கலாகத் தெரியும். சிவப்பு கெடுப்பது மிகக் குறைவு. இதெல்லாம் பலரும் சொல்வதுதான். நான் மேலே ஒன்று சேர்க்கிறேன்: மீட்டரில் ஏற்கெனவே சில நிறங்களுக்கு வேலை ஒதுக்கியிருக்கிறார்கள். ஹைபீம் விளக்கு நீலம். இண்டிகேட்டர் அம்பு பச்சை. ஆயில் பிரஷர், சார்ஜ், ஹேண்ட்பிரேக் சிவப்பு. பின்னணியை நீலமாக்கினால் ஹைபீம் எரிகிறதா என்றே தெரியாது, எதிரில் வருகிறவன் டிப் அடித்துக் கெஞ்ச வேண்டும். பின்னணியைச் சிவப்பாக்கினால் ஆயில் விளக்கு அதில் கரைந்துவிடும், அந்த விளக்கைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் போய்விடும். பச்சையில் சிவப்பு முள் கறுத்துப்போகும். மிஞ்சுவது ஆம்பர், அதாவது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். அதில் இந்த மூன்று நிற விளக்குகளும் தனித்துத் தெரிகின்றன. பி.எம்.டபிள்யூ. கார்களில் நெடுங்காலம் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த வெளிச்சமே இருந்தது. அதை வயசான ரசனை என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு.

நிறத்தைவிட முக்கியம் மங்கல். ஆம்பருக்கு என் கணக்கு சிவப்பு 255, பச்சை 70, நீலம் 0. ஊருக்குள் இதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் போதும். நெடுஞ்சாலையில் இன்னும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்கண்ணாடியில் மீட்டரின் நிழல் மிதக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்து, காலியாக இருந்த ஸ்விட்ச் ஓட்டையில் பொருத்திவிட்டேன். கடையில் விற்கும் பெட்டிகளில் பிரகாசம் குறைக்கும் பட்டன் இருந்தாலும் அதன் கடைசிப் படியே கண் கூசுகிறது. அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அப்படியானால் 1 கோடியே 67 லட்சம் நிறம் எதற்கு என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஹேண்ட்பிரேக் ஸ்விட்சிலிருந்தும் ஒரு ஒயரை நானோவுக்கு இழுத்திருக்கிறேன். பிரேக்கைத் தூக்கியிருந்தால் எந்த நிறம் வேண்டுமானாலும் வரும்; இறக்கினால் ஆம்பர்தான். வீட்டு வாசலிலும் ரயில்வே கேட்டிலும் திருவிழா நடத்திக்கொள்ளலாம். மகள் மயில்கழுத்து கேட்டாள், பச்சையும் நீலமும் கலந்து ஓரளவு கொண்டுவந்தேன். மாம்பழ மஞ்சள் அச்சாக வந்தது. அப்புறம் மனைவி தன் கல்யாணப் புடவையின் அரக்கு கேட்டாள். அதுதான் வரவில்லை. அரக்கு என்பது இருண்ட சிவப்பு. பக்கத்தில் அதைவிட வெளிச்சமான ஜரிகை இருப்பதால்தான் துணியில் அது அரக்காகத் தெரிகிறது. இருட்டில் தனியாக எரிகிற விளக்கில் அதே எண்களைப் போட்டால் வெறும் மங்கல் சிவப்பு. பழுப்புக்கும் இதே கதி. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவள், "இத்தனை கோடியில என் புடவை கலர் ஒண்ணு இல்லையா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.