டீஃபால்ட் போர்டு ஃபைல்ல கிடந்த ஒரு ஸ்டாட்டிக் வேரியபிள்

மூணு நாளா கோத்தகிரில மழை விடல, கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கு, பேட்டரி தாங்குற வரைக்கும் பாப்போம்னு யூ-பூட்டோட (போர்டுக்கு கரண்ட் வந்ததும் முதல்ல ஓடி, மெயின் சிஸ்டத்த ஏத்தி விடுற ப்ரோகிராம்) போர்டு ஃபைல வரி வரியா படிச்சிட்டு உக்காந்திருந்தேன். தேயிலைத் தோட்டத்துல மழையும் குளிரும் அளக்குற பெட்டி ஒண்ணு செய்றோம், 32-பிட் ஆர்ம் சிப்பு, 512 எம்பி ராம். போர்டு கூட வந்த டீஃபால்ட் இனிட் ஃபைல அப்படியே எடுத்துப் போட்டிருந்தோம். "டீஃபால்ட் தானேப்பா, அதுல என்ன இருக்கப்போகுது"ன்னு கூட வேலை செய்ற அண்ணன் சொன்னாரு, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஆனா ஒரு பில்ட் ஜம்முனு பூட் ஆகும், சம்பந்தமே இல்லாத ஒரு கமாண்ட சேத்து திரும்ப பில்ட் பண்ணா போர்டு மெசேஜ் அனுப்புற சீரியல் லைன்ல டிராம் 512ன்னு ராம் சைஸ சொல்ற ஒரு வரி வரும், அதோட பேச்சு மூச்சு இருக்காது.

முதல்ல ராம் சைஸ் மேலதான் சந்தேகம். யூ-பூட் தன்னையே ராமோட உச்சிக்கு காப்பி பண்ணிட்டு அங்க தாவி ஓடும், சைஸ் கூட எழுதியிருந்தா இல்லாத எடத்துக்கு தாவிடும். ஆனா இதுல கெட்_ராம்_சைஸ்ங்கிற ஃபங்ஷன கூப்பிட்டு, எழுதிப் படிச்சு அளந்திருந்தாங்க, அது சரி.

அப்புறம்தான் போர்டு_எர்லி_இனிட்_எஃப்ங்கிற, அப்படி தாவுறதுக்கு முன்னாடியே ஓடுற ஃபங்ஷன் உள்ள 'ஸ்டாட்டிக் இன்ட் ரீட்ரை'ன்னு ஒரு வரி கண்ல பட்டுச்சு, ஃபங்ஷன் முடிஞ்சாலும் மதிப்பு அழியாத வேரியபிள் அது. ஆரம்ப மதிப்பு தராத இந்த மாதிரி வேரியபிள் எல்லாம் பிஎஸ்எஸ்ங்கிற பகுதிக்குத்தான் போகும், அந்த நேரத்துல பிஎஸ்எஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது! ரீலொகேட் ஆகி, அதாவது ராம் உச்சிக்கு தாவி முடிஞ்சப்புறம்தான் அதுக்கு எடம் கிடைச்சு சைபர் ஆகும், அதுக்கு முன்னாடி எதையாவது ஞாபகம் வச்சுக்கணும்னா ஜிடிங்கிற (குளோபல் டேட்டா) ஸ்ட்ரக்சர்ல தான் வைக்கணும். எந்தப் பகுதி எந்த அட்ரஸ்ல உக்காரணும்னு சொல்ற 32-பிட் ஆர்ம் லிங்கர் ஸ்க்ரிப்ட்ல பிஎஸ்எஸ்ஸ, ரெல்.டின் டேபிள் இருக்கிற அதே அட்ரஸ் மேல படுக்க வச்சிருப்பாங்க, ரீலொகேட் பண்ணும்போது எந்தெந்த பாயின்டர திருத்தணும்னு எழுதி வச்சிருக்கிற டேபிள் அது, இந்த வேரியபிள ஒண்ணு கூட்டுனா அந்த டேபிள்ல ஒரு என்ட்ரி கெட்டுப்போகும், ஏதோ ஒரு பாயின்டர் பழைய அட்ரஸ்லயே நின்னுடும், தப்பு நடந்தது ஒரு எடம், போர்டு செத்து விழுறது வேற எடம். பில்ட் மாறுனா எந்த என்ட்ரி கெடுதுங்கிறதும் மாறும், அதான் ஒருநாள் ஓடுது, ஒருநாள் ஓடல. எது எந்த அட்ரஸ்ல இருக்குன்னு பில்ட் எழுதி வைக்கிற மேப் ஃபைல தொறந்து பாத்தேன், அந்த வேரியபிளோட அட்ரஸ் ரெல்.டின் நடுவுலயே உக்காந்திருக்கு. பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு, மூணு வாரமா பவர் சப்ளையவும் குளிரையும் திட்டிட்டு இருந்தோம்.

அத டேட்டா செக்ஷன்ல (ஆரம்ப மதிப்போட இருக்கிற வேரியபிள்களோட பகுதி) தள்ளியிருக்கலாம், எங்க போர்டுல எஸ்பிஎல்ங்கிற முதல் கட்ட குட்டி லோடர் தான் யூ-பூட்ட ராம்ல ஏத்துது, அதனால அதுவும் வேலை செய்யும். ஃப்ளாஷ்ல இருந்தே நேரா ஓடுற போர்டுன்னா டேட்டாவ எழுத முடியாது, இந்த ஃபைல நாளைக்கு வேற யாராச்சும் எடுப்பாங்க. அதனால லோக்கல் வேரியபிளா மாத்தி ஒரே லூப்புக்குள்ள முடிச்சிட்டேன்.

நேத்து ராத்திரி அண்ணன் பழைய பில்ட் அஞ்சையும் இந்தத் திருத்தத்தோட திரும்ப பில்ட் பண்ணி ஏத்துனாரு, அஞ்சும் பூட் ஆச்சு. இப்ப அதே ஃபைல்ல டிராம்_இனிட்ட, அதுவும் தாவுறதுக்கு முன்னாடி ஓடுற ஃபங்ஷன்தான், படிச்சிட்டு இருக்கேன், அதுலயும் ஒரு ஸ்டாட்டிக் இருக்கு.