கறுப்பு மோலியில் வெள்ளைப் புள்ளி: தனித் தொட்டியில் 16 நாள்

மாரி தொடங்கி இரண்டாம் கிழமை. கல்லடியில் விடாத மழை. மட்டக்களப்பு டவுனில் வாங்கிவந்த நாலு கறுப்பு மோலி மீனை அன்றிரவே பெரிய தொட்டியில் விட்டுவிட்டேன். கரண்ட் இல்லை, புது மீனைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கும் தனித் தொட்டியைக் கழுவித் தயாராக்கப் பொறுமையும் இருக்கவில்லை. உள்ளே ஏற்கனவே ஐந்து பிளாட்டிகள் இருந்தன.

ஐந்தாம் நாள் காலை ஒரு மோலி செட்டையைச் சுருக்கிக்கொண்டு ஹீற்றரில் போய்ப் போய் உரசியது. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வாலில் ரவை ஒட்டினதுபோல 14 புள்ளிகள். கறுப்பு மீன் என்பதால் எண்ண முடிந்தது. வெளிறின மீனில் இது கண்ணில் பட இன்னும் இரண்டு நாளாவது போயிருக்கும்.

வெள்ளைப்புள்ளி நோய், மீன் வளர்ப்பவர்கள் வாயில் 'இக்'. அந்தப் புள்ளிக்குள் இருப்பது ஒரு ஒட்டுண்ணி. தோலுக்குள் இருந்து மீனைத் தின்று பருத்ததும் கழன்று அடியில் விழும். அங்கே கூடு கட்டி நூற்றுக்கணக்காகப் பிரியும். வெளியே வரும் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். தோலுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் இருக்கும்வரை உப்போ மருந்தோ அதை ஒன்றும் செய்யாது. நீந்தித் திரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அடிக்க முடியும். ஆகவே புள்ளி உள்ள மீனை மட்டும் பிரித்துப் பயனில்லை. ஒன்பதையும் தனித் தொட்டிக்கு மாற்றினேன். பெரிய தொட்டி மீன் இல்லாமல், ஹீற்றர் 28 பாகையில் ஓடியபடி கிடந்தது.

தனித் தொட்டியில் மண், செடி எதுவும் இல்லை, வெறும் கண்ணாடி. நீளம் 60, அகலம் 30, தண்ணீர் உயரம் 25 சென்ரிமீற்றர். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 45 லீற்றர். லீற்றருக்கு 2 கிராம் கணக்கில் 90 கிராம் கல்லுப்பு. அதை முப்பது முப்பதாகக் கரைத்து ஒன்றரை நாளில் மூன்று தடவை விட்டேன். மோலியும் பிளாட்டியும் உப்பைத் தாங்கும். கோரி, லோச் போன்ற அடியில் திரியும் மீன்களை வைத்திருப்பவர்கள் இந்த அளவை அப்படியே எடுக்க வேண்டாம். ஹீற்றரை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பாகையாகக் கூட்டி 30க்குக் கொண்டுவந்தேன். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும் என்பதால் காற்றுக்கல் இரவும் பகலும் ஓடியது.

தனித் தொட்டிக்கு மாற்றி மூன்றாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மீன் கழிவில் இருந்து வரும் நஞ்சான அமோனியாவை அளந்து பார்த்தேன், 1 பிபிஎம் (லீற்றருக்கு 1 மில்லிகிராம்). பிழை என்னுடையது. அலுமாரியில் கிடந்த காய்ந்த ஸ்பொஞ் பில்டரைப் போட்டிருந்தேன், அதில் அமோனியாவைத் தின்னும் பக்டீரியா ஒன்றுமே இல்லை. பெரிய தொட்டியில் பழகிய ஸ்பொஞ்சை எடுத்துவந்திருக்க வேண்டும். இரண்டிலும் அதே நோய்தான், பயப்பட எதுவும் இருக்கவில்லை. உடனே பாதித் தண்ணீரை மாற்றி அந்த ஸ்பொஞ்சை இதற்குள் போட்டேன். இருந்தும் நாலாம் நாள் ஒரு பிளாட்டி செத்தது. அது நோயால் போகவில்லை, அமோனியாவால் போனது என்றுதான் நினைக்கிறேன். இன்னும் மனதில் கிடக்கிறது.

அதன்பிறகு தினமும் காலையில் மெல்லிய ரியூப்பால் அடியை உறிஞ்சி 15 லீற்றர் எடுப்பேன். விழுந்த கூடுகள் அங்கேதானே கிடக்கும். புதிதாக விடும் 15 லீற்றருக்கு மட்டும் 30 கிராம் உப்பு. ஆவியாகிக் குறைந்த இடத்துக்கு உப்பில்லாத தண்ணீர்தான் விட வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லாதது வசதி. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் காற்றடித்து வைத்த பிறகே விடுவேன்.

ஆறாம் நாள் இரவு கரண்ட் போய் நாலு மணித்தியாலம் வரவில்லை. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பைப் போட்டு, தொட்டியைப் பழைய பெட்ஷீற்றால் சுற்றினேன்.

"மனே, மீனுக்கும் குளிருமா?" என்று அம்மா கேட்டா. ஓம் என்றேன். உள்ளே போய் இன்னொரு பெட்ஷீற்றும் கொண்டுவந்து தந்தா. கரண்ட் வந்தபோது தண்ணீர் 27 பாகையில் நின்றது.

ஏழாம் நாள் ஒரு புள்ளியும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தி இதே கட்டத்தில் உப்பை நிறுத்தி மீன்களைத் திருப்பி விட்டேன். ஒரு கிழமையில் இரட்டிப்பாக வந்து பாதி மீன் போனது. புள்ளி மறைந்தது என்றால் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கிப் பெருகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்த முறை எதையும் மாற்றாமல் இன்னும் ஆறு நாள் அப்படியே ஓட்டினேன். வலையும் வாளியும் இரண்டு தொட்டிக்கும் வேறு வேறு. ஈரக் கையைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் மற்றத் தொட்டிக்குப் போனேன்.

கடைசி மூன்று நாளில் உப்பில்லாத தண்ணீரால் மாற்றி மாற்றி உப்பைக் குறைத்தேன், சூட்டையும் 28க்கு இறக்கினேன். பதினாறாம் நாள் எட்டு மீனும் பெரிய தொட்டிக்குத் திரும்பின. அந்த மோலியின் வால் நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது, மற்றபடி விட்டதும் முதல் ஆளாக வந்து இரை எடுத்தது. காய்ந்து கிடந்த ஸ்பொஞ்சை இப்போது பெரிய தொட்டியின் மூலையில் ஊறப் போட்டிருக்கிறேன்.