நீல லேசர்: 445-ஆ, 473-ஆ, 488-ஆ?

405 நானோமீட்டர் அலைநீள லேசரை நீலம் என்று விற்பார்கள், அது ஊதா. வெள்ளைத் தாளில் நீலமாகப் பளிச்சிடுவது தாளிலுள்ள வெண்மையூட்டி ஒளிர்வதால்தான். வெறும் உலோகத்தில் அடித்துப் பாருங்கள், மங்கிவிடும்.

445–450 மலிவு, புரொஜெக்டர்களுக்காகப் பெருமளவில் தயாராகும் டயோடு (ஒளி உமிழும் குறைகடத்திச் சில்லு). ஆனால் வாட் கணக்கில் வருபவை மல்டிமோடு: புள்ளி கோடாக நீளும், தூரம் போகப் போகக் கற்றை விரியும்.

அதே மில்லிவாட்டில் 473 கண்ணுக்கு 445-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் பிரகாசம். 946 அகச்சிவப்பைப் படிகத்தால் பாதி அலைநீளமாக்கி எடுப்பதால், சூடேறினால் வெளிச்சம் தள்ளாடும்.

என் தேர்வு 488 டயோடு. 445-ஐவிட சுமார் ஆறு மடங்கு பிரகாசம், கற்றை மெல்லியது, 50 மில்லிவாட்டே தாராளம். விலைதான் கடிக்கும்.

5 மில்லிவாட்டைத் தாண்டினாலே கண்ணுக்கு ஆபத்து. 445-க்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி 488-ஐத் தடுக்காமல் போகலாம். அதில் அச்சிட்ட அலைநீள வரம்பையும் ஓ.டி. எண்ணையும் (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) பார்த்துவிட்டே லேசரை இயக்குங்கள்.